விடியல் ஐந்து புள்ளி நான்கு

சேந்தப்பாளையத்தில் குழாயைத் திருகுவதற்கு முன்னால் எந்தப் பாத்திரத்துக்குத் தண்ணீர் என்று குழாயிடம் சொல்லியாக வேண்டும் என்கிற வழக்கம், விடியல் ஐந்து புள்ளி ஒன்று வெளிவந்த மறுநாள், சனிக்கிழமை காலையில் ஏற்பட்டது. குடத்துக்கு என்றால் விழுந்தது, அண்டாவுக்கு என்றால் விழுந்தது, ஒன்றும் சொல்லாமல் திருகினால் காற்றுகூட வரவில்லை, குடம் என்று சொல்லிவிட்டுச் சொம்பை நீட்டியவளுக்குத் தண்ணீர் குழாயின் வாய்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. அடுப்புக்கும் அப்படித்தான், மோட்டார் சைக்கிளுக்கும் அப்படித்தான், இது இன்னதற்கு என்று முதலில் சொல்ல வேண்டும், பிறகுதான் கையை வைக்க வேண்டும். பெண்கள் கொஞ்சம் முனகினார்கள், ஆண்கள் டீக்கடையில் கொஞ்சம் திட்டினார்கள், மத்தியானத்துக்குள் ஊரே பழகிக்கொண்டது. சாயங்காலம் வெளியூரிலிருந்து வந்த ஒரு புது மருமகன் வாயைத் திறக்காமல் குழாயைத் திருகிவிட்டு நின்றபோது, சோத்துக்குத் தொறக்கற வாயைத் தண்ணிக்குத் தொறந்தா என்ன கொறஞ்சா போயிருமுங்க என்று மாமியார் வீட்டில் கேட்டார்கள்.

விடியல் என்பது கோழிப்பண்ணைக்காரர்களின் கம்ப்யூட்டர் மொழி. அந்தப் பக்கத்தில் திரும்பின இடமெல்லாம் முட்டைக்கோழிக் கொட்டகைகள், ஒவ்வொரு கொட்டகையிலும் சுவரில் ஒரு பெட்டி. எப்போது லைட்டு எரிய வேண்டும், எப்போது தீவனம் ஓட வேண்டும், எவ்வளவு சூடானால் ஃபேன் சுற்ற வேண்டும் என்பதையெல்லாம் பண்ணைக்காரர்களே தங்களுக்குத் தெரிந்த தமிழில் வரி வரியாகப் பெட்டிக்கு எழுதிக் கொடுப்பார்கள். அந்த வரிகளைப் படித்துப் பார்த்து, சரியாக இருந்தால் மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தந்து, தப்பாக இருந்தால் முடியாது போ என்று திருப்பி அனுப்புகிற புரோகிராமுக்குக் கம்பைலர் என்று பெயர். கம்பைலருக்குள் வெள்ளிக்கிழமை என்ன புது விதி ஏறுகிறதோ அது சனிக்கிழமை விடிந்ததும் ஊருக்கும் பொருந்தியது. ஏன் பொருந்தியது என்று யாரும் கேட்கவில்லை. பஞ்சாயத்து விதி பொருந்துகிறது, கரண்ட் ஆபீஸ் விதி பொருந்துகிறது, இதற்கு மட்டும் என்ன கேடு? பெட்டி வியாபாரத்துக்கு முதலாளியான அர்த்தநாரியும் அதையேதான் சொன்னார். "கோழி முட்டை போடுதில்லீங்க? அப்பறம் என்ன பேச்சு?"

இந்த மொழியை உண்டாக்கியவர்கள் இரண்டு பெண்கள், இரண்டு பேருக்கும் பெயர் பூவாத்தாள். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஊர்த்தெய்வம் பூவாத்தா, தலைச்சன் பெண்ணாகப் பிறந்தால் அம்மன் பெயரை வைக்காமல் வேறு பெயர் வைக்க அங்கே யாருக்கும் துணிச்சல் கிடையாது. தலைச்சன் ஆண் என்றால் காவல்காரச் சாமியின் பெயரில் கருப்பண்ணன். தெருவில் நின்று பூவாத்தா என்று கூப்பிட்டால் பத்து வாசலில் தலை தெரியும், கருப்பண்ணா என்றால் டீக்கடையே எழுந்து நிற்கும். இவர்கள் இருவரையும் மேக்கால வீட்டுப் பூவாத்தா, கெழக்கால வீட்டுப் பூவாத்தா என்று ஊர் பிரித்துச் சொல்லும். அவர்கள் ஒருத்தியை ஒருத்தி நடக்கப் பழகின நாளிலிருந்து பேர்க்காரி என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒரே பள்ளிக்கூடம், ஒரே காலேஜ், கோயம்புத்தூரில் ஒரே கம்பெனி, அலுத்துப்போய்த் திரும்பி வந்து ஒரே மேஜை. வேலையில் அவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. விடியலில் ஒரு வரி மாற வேண்டுமானாலும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து உரக்கப் படித்து, கம்பைலர் குடியிருக்கிற தாய்ப்பெட்டியில் இருவர் கட்டைவிரலும் பதிந்தால்தான் மாறும். ஒருத்தி அசந்தால் இன்னொருத்தி பிடிப்பாள் என்பதற்காக அவர்களே ஆரம்பத்தில் போட்டுக்கொண்ட பூட்டு அது.

ஐந்து புள்ளி இரண்டில், திறந்ததை மூட வேண்டும் என்ற விதி வந்தது. பஞ்சாயத்தார் தோண்டிப் போட்டிருந்த சாக்கடைக் குழிகள் அந்தச் சனிக்கிழமையே மூடப்பட்டதில் ஊருக்குச் சந்தோஷம்தான். ஆனால் பேச்சுக்கும் அதே விதி என்பது ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும் என்று வாயைத் திறந்தவர்கள் அதைச் சொல்லி முடிக்கிறவரை நாக்கு அடங்கவில்லை. புருஷனோடு கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போயிருந்த பெண்கள், பாதியில் விட்ட சண்டைகளை முடித்துவைக்கத் திரும்பி வந்தார்கள். நாலைந்து நாளில் ஊர் அதற்கும் பழகியது. முடிக்க இஷ்டமில்லாத பேச்சை ஆரம்பிக்காதே என்று ஆளாளுக்கு அடக்கம் வந்து, டீக்கடையில் டீ உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஐந்து புள்ளி மூன்றில் எச்சரிக்கை வந்தது. தப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் வில்லங்கமாகப் போகலாம் என்கிற வரிகளைக் கம்பைலர் தடுக்காது, சும்மா சொல்லிக் காட்டும், அவ்வளவுதான். முட்டைக்கோழிப் பண்ணை ஊரில் சேவல் ஏது? ஆனாலும் மச்சினனுக்கு யாராவது வண்டியைக் கொடுத்தால், வானம் கறுத்திருக்கும்போது மிளகாயைக் காயப் போட்டால், எங்கிருந்தென்று தெரியாமல் ஒரு சேவல் கூவியது. முதல் நாள் கூவினபோது செய்கிற காரியத்தை நிறுத்தி யோசித்தார்கள். இரண்டாம் நாள் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் செய்தார்கள். அப்புறம் அதுபாட்டுக்குக் கூவியது, இவர்கள்பாட்டுக்குச் செய்தார்கள். மேக்கால பூவாத்தாவுக்கு இது பொறுக்கவில்லை. அவள் அடுப்படியில் டப்பாக்களைக்கூட உயர வாரியாக அடுக்கி வைக்கிறவள். சொன்னால் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் எதற்குச் சொல்ல வேண்டும் என்பது அவள் கட்சி.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் பண்ணைக்காரர் ஒரு கருப்பண்ணன் வந்து நனைந்து விறைத்த கோழி ஒன்றை அவர்கள் மேஜைமேல் போட்டார். அவருடைய கொட்டகையில் தீவனம் ஓட்டுகிற மோட்டாருக்கும் மோட்டார் என்று பெயர், தண்ணீர் தெளிக்கிற மோட்டாருக்கும் மோட்டார் என்று பெயர். வேறென்ன வைப்பார், பெயர் வைப்பதில் அந்த ஊரின் சாமர்த்தியம்தான் தெரிந்ததாயிற்றே. தீவனம் ஓடச் சொன்னதற்குத் தண்ணீர் கொட்டிவிட்டது.

"ஒரே எடத்துல ஒரே பேர்ல ரெண்டு இருக்கக்கூடாது. இருந்தா உள்ள உடக்கூடாது" என்றாள் மேக்கால பூவாத்தா.

"எச்சரிக்கை போதும் பேர்க்காரி. சனங்க அவசரத்துல எழுதறாங்க. வாசல்லயே நிறுத்துனா எப்படி?"

"எச்சரிக்கைய யாருடி கேக்கறாங்க? சேவல் தொண்ட கிழியக் கூவுது, ஒருத்தனாச்சும் திரும்பிப் பாக்கறானா?"

"உனக்கு ஊரையே திருத்தோணும்."

"ஆமா, திருத்தோணும். வெரல வை."

"வெச்சுத் தொலைக்கறேன்" என்றாள் கெழக்கால பூவாத்தா, வைத்தாள், டம்ளரை டங்கென்று வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். ஐந்து புள்ளி நான்கு அப்படித்தான் வெளிவந்தது.

சனிக்கிழமை காலையில் மேக்கால பூவாத்தா ஆபீஸ் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது, ஜன்னலோரம் டீ குடித்துக்கொண்டிருந்த கெழக்கால பூவாத்தா பின்பக்கம் போர்வெல் குழாயடியில் டம்ளரும் கையுமாக நின்றிருந்தாள். டீ ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அவள் சுற்றி வந்து வாசலில் கால் வைத்தாள், இப்போது இவள் குழாயடியில் நின்றாள். ரூம் என்றில்லை, வரப்புப் போட்ட காடு, வேலி போட்ட களம், சுவரோ கயிறோ எதனால் எல்லை கட்டியிருந்தாலும் அது ஒரு இடம், ஒரு இடத்துக்கு ஒரு பூவாத்தாதான். டவுன் பஸ்ஸில் முன்படியில் ஒரு கருப்பண்ணன் ஏறினால் பின்படியில் ஒரு கருப்பண்ணன் இறங்கி நின்றார், டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு. ஆஸ்பத்திரி வரிசையில் ஒரே ஒரு பூவாத்தா இருந்தாள், மற்றவர்கள் வெளியே வேப்பமரத்தடியில் முறைவைத்துக் காத்திருந்தார்கள்.

ஊர் இதற்கும் வழி கண்டுபிடித்தது. அம்மன் கோயிலுக்குப் போய் ஒரு தேங்காயை உடைத்து, தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஆத்தா உன்ற பேர உங்கிட்டயே குடுத்தர்றேன் என்று சொல்லி, புதுப் பெயரைப் பூசாரி காதில் விழும்படி மூன்று தடவை சொன்னால் முடிந்தது. ஒருவர் லாரிக்கண்ணன் ஆனார், ஒருவர் தன் மாமனாருடைய பெயரை வைத்துக்கொண்டு வீட்டில் பெருமையாக நடமாடினார், ஒரு பெண் நெடுநாளாக ஆசைப்பட்டிருந்த ஊர்வசி என்ற பெயரை இதுதான் சாக்கென்று எடுத்துக்கொண்டாள். பிறகு பார்த்தால் அதில் சௌகரியம் கொஞ்சநஞ்சமல்ல. ஒருத்திக்குப் போட வேண்டிய ஊசியை இன்னொருத்திக்குப் போடுவது நின்றது. யாரோ ஒரு கருப்பண்ணன் செய்த அடிதடிக்கு இன்னொரு கருப்பண்ணன் போலீஸ் ஸ்டேஷனில் உட்காருவது நின்றது. இவ்வளவு நாளா இது தோணாமப் போச்சே என்றார்கள். கடைசியில் ஊரில் பெயர் மாற்றாத பூவாத்தாக்கள் இரண்டே பேர், மேக்காலையும் கெழக்காலையும்.

அவர்களுக்கு வீம்பு என்று ஊர் நினைத்தது. வீம்பும்தான், ஆனால் அது மட்டுமில்லை. அந்த விதியை எடுத்துவிடலாம் என்று முதல் வாரமே இருவரும் ஒப்புக்கொண்டார்கள். மேக்கால பூவாத்தா, தப்பு என்னுதுதான் என்றுகூடச் சொன்னாள், அவள் வாயில் அது வருவது ஆடிக்கு ஒன்று அமாவாசைக்கு ஒன்று. தாய்ப்பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் இரண்டு வீட்டுக் களத்துக்கும் நடுச்சுவரின்மேல் வைத்து, இந்தப் பக்கம் இவளும் அந்தப் பக்கம் அவளுமாக நின்று விரல் வைத்தார்கள். இவள் விரல் பதிந்தது. அவள் விரல் பதிந்ததும் இவள் விரல் அழிந்தது. பெட்டியும் ஒரு இடம்தானே, அதற்குள்ளும் ஒரு பூவாத்தாதான் இருக்க முடியும். வெயில் ஏறுகிறவரை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். ஒருத்தி பெயரை மாற்றிக்கொண்டால் பக்கத்தில் போய் உட்காரலாம், ஆனால் அந்தப் புதுப் பெயரைப் பெட்டி அறியாது, அறியவைக்க வேண்டுமானால் பழைய இரண்டு விரலும் சேர்ந்து பதிய வேண்டும். பூட்டைப் பூட்டிச் சாவியை உள்ளேயே போட்டுவிட்டார்கள், போட்ட கை மேக்காலையுடைய கை. மேக்கால பூவாத்தா சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். நிஜமாகவே முட்டிக்கொண்டாள், நெற்றி வீங்கியது, அந்த வீக்கம் அப்புறம் வடியவே இல்லை.

அர்த்தநாரியிடம் சொன்னதற்கு அவர் முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சுங் அம்முணி. பழகறதுக்குள்ள மாத்திப் போடறீங்க, பழகறதுக்குள்ள மாத்திப் போடறீங்கன்னு பண்ணைக்காரங்க என்ற உசுர எடுக்கறாங்க. இது இப்படியே இருக்கட்டுமுங்க."

"எனக்கும் அவளுக்கும் நடுவுல செவுரு நிக்குதுங்க."

"செவுத்துக்கு மேல பேசிக்கறீங்கல்ல?"

பேசிக்கொண்டார்கள்தான். முகத்தில் பாதி தெரியும், கண் தெரியும், வாய் தெரியாது. குழம்பைச் சுவர்மேல் வைத்தால் அவள் எடுத்துக்கொள்வாள், ருசி பார்க்கும் முகத்தை இவள் பார்க்க முடியாது. மேக்கால பூவாத்தாவுக்குத் தன்மேலும் கோபம், அவள்மேலும் கோபம், முட்டை போட்டுக்கொண்டே இருக்கிற கோழிகள்மேலும் கோபம், எதற்கும் பழகிவிடுகிற இந்த ஊரின்மேல்தான் எல்லாவற்றையும்விடக் கோபம். ஒருத்தராவது வந்து, ஏம்மா இப்படிப் பண்ணி வெச்சீங்க என்று சட்டையைப் பிடித்துக் கேட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் கெழக்கால பூவாத்தாவின் மகளுக்குக் கண்ணாலம் கூடி வந்தது. கெழக்காலையில் பிறந்த ஒரே பெண், தலைச்சன்தான், அம்மாவோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டி முதல் வாரமே பெயரை மாற்றிக்கொண்டவள். மேக்காலையில் பிள்ளையே கிடையாது, ஆகவே அந்தப் பெண் இரண்டு வீட்டிலும் வளர்ந்தவள். அவளுக்குத் தாரை வார்க்கும்போது நீ என்ற பக்கத்துல நிக்கோணும் என்று தொட்டிலில் போட்ட அன்றே பேசிவைத்தது. மண்டபம் ஒரே மண்டபம். இவள் உள்ளே நுழைந்தால் பெண்ணைப் பெற்றவள் வெளியே நிற்பாள்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கெழக்கால பூவாத்தா, "வந்துருவியாடி?" என்றாள்.

"வாரேன்" என்றாள் இவள்.

எப்படி என்று அவள் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. ஆரம்பித்தால் முடித்தாக வேண்டும். யார் பெயரை விடுவது என்ற பேச்சை ஆரம்பித்து முடிக்கிற தெம்பு இருவருக்கும் இல்லை. பெயர் போனால், என்றைக்காவது இரண்டு விரலும் சேர்ந்து பதிய ஒரு வழி கிடைக்கும் என்கிற நம்பிக்கையும் போச்சு, விடியலும் போச்சு. இனி ஒரு வரிகூடத் தன்னால் மாற்ற முடியாது, தான் பெற்ற மொழி ஐந்து புள்ளி நான்கிலேயே கல்லாகச் சமைந்துவிடும், அதிலுள்ள சின்னச் சின்னத் தப்புகள்கூட ஊருக்கு வேதமாகிவிடும். அந்தப் பழியைத் தான் ஒருத்தி தாங்கிக்கொள்ளலாம், பெண்ணைப் பெற்றவளுக்கு ஏன் அந்தக் கவலை என்று மேக்கால பூவாத்தா முடிவு செய்தாள்.

கண்ணாலத்தன்று காலையில் பட்டுப்புடவையோடு கோயிலுக்குப் போனாள். பூசாரி அவளைப் பார்த்ததும் வாயைத் திறந்தார், உடனே கையால் பொத்திக்கொண்டார். கொடுத்த வாக்கு ஒன்று அவருக்கு இருந்தது. ஆரம்பித்தால் முடிக்க வேண்டியிருக்கும். அவள் தேங்காயை உடைத்தாள். மஞ்சள் தண்ணீர் நெற்றி வீக்கத்தின்மேல் வழிந்து புடவையில் இறங்கியது. ஆத்தா உன்ற பேர உங்கிட்டயே குடுத்தர்றேன் என்றாள். புதுப் பெயரைப் பற்றி அவள் வழியெல்லாம் யோசித்திருந்தாள். விஜயா, சாந்தி என்று எதைச் சொல்லிப் பார்த்தாலும் யாரோ பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. இந்தப் பெயரைத் தவிர அவளை யாராவது ஆசையாக ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றால் அது ஒன்றே ஒன்றுதான்.

"பேர்க்காரி" என்றாள். எங்கேயோ ஒரு சேவல் கூவியது.

"பேர்க்காரி" என்றாள். மறுபடி கூவியது, இந்தத் தடவை காதுக்குப் பக்கத்தில். பூசாரி கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார்.

முகூர்த்தத்துக்கு நேரமாகிறது, இதற்கு வேறு கூவல் ஒரு கேடா என்று முந்தானையை உதறிக்கொண்டு, மூன்றாவது தடவையும் சொல்லிவிட்டு அவள் மண்டபத்துக்கு ஓடினாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருக்க, பெண்ணின் அப்பா கைகளைக் கூட்டிப் பிடித்திருக்க, பக்கத்தில் செம்பு நிறையத் தண்ணீரோடு கெழக்கால பூவாத்தா வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பது இவளுக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. சுவர் இல்லாமல் அந்த முகத்தை முழுசாகப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. அவளும் இவளைப் பார்த்தாள், வா வா என்று தலையை ஆட்டினாள், பயமே இல்லாமல் ஆட்டினாள். அது ஏன் என்று இவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் வாசற்படியைத் தாண்டி உள்ளே கால் வைத்தாள்.

மேடையில் செம்பைக் காணோம், செம்பைப் பிடித்திருந்தவளைக் காணோம். பின்கட்டில் சோறு வடிக்கிற இடத்திலிருந்து, ஐயோ இவங்க எப்படீங்க இங்க வந்தாங்க என்று சமையல்காரர்கள் சத்தம் போட்டார்கள். நாதஸ்வரக்காரர் குழலை வாயிலிருந்து எடுத்தார். மணமேடையில் உட்கார்ந்திருந்த பெண் அம்மா என்று எழுந்தாள், யாரைப் பார்த்து என்று சொல்ல முடியாது. மேக்காலக்காரி மேடையைப் பார்த்தாள், பின்கட்டைப் பார்த்தாள். பிறகு வந்த வழியே திரும்பி வெளியே ஓடினாள், அவள் கால் படி தாண்டியதும் செம்பும் கையுமாக அவள் சிநேகிதி உள்ளே திரும்பி வந்திருந்தாள்.

அவள் மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு மேடைக்குப் பக்கத்திலிருந்த ஜன்னலுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு இரைத்தது. உள்ளேயிருந்தவள் ஜன்னல் ஓரத்துக்கு நகர்ந்து வந்தாள். அவள் வகிட்டிலும் மஞ்சள் தண்ணீரின் கறை இருந்தது, ஒரு நாள் பழசு.

"எப்படீடி?" என்றாள் வெளியே நின்றவள். "நான் பேர உட்டுட்டனே."

"நானும் நேத்தே உட்டுட்டேன். நீ வரோணும்னுதான் உட்டேன். பூசாரிகிட்டச் சத்தியம் வாங்கிட்டேன், சொன்னா நீ தடுப்பேன்னு."

"ஒருத்தி உட்டாப் போதுமேடி, பாவி! என்ன பேரு வெச்சே?"

உள்ளே நின்றவள் முகத்தைக் கம்பிக்குக் கிட்டே கொண்டுவந்தாள். இவளுடைய வாயைப் பார்த்தாள். நடக்கப் பழகின நாளிலிருந்து தன்னைக் கூப்பிட்டுவந்த பெயர் அந்த வாயில்தான் இருந்தது. ஐயர் நேரமாச்சு நேரமாச்சு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, அது பாதியிலேயே வேறாக மாறி இரண்டு பேர் கண்ணிலும் இறங்கியது. விடியல் போயிற்று, அம்மன் பெயர் போயிற்று, சுவர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"கோயில்ல சேவல் கூவலையா உனக்கு?" என்றாள் உள்ளே நின்றவள்.

"கூவுச்சு."

"அப்பறம்?"

வெளியே நின்றவள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள், வீங்கின இடமே பட்டது. "எச்சரிக்கைய யாருடி கேக்கறாங்க" என்றாள்.

செம்பை ஏந்தினவள் திரும்பி மேடைக்குப் போனாள். தண்ணீர் விழாமல் நின்றது. "என்ற மகளுக்கு" என்று அவள் சொன்ன பிறகு விழுந்தது. மேளம் கொட்டியது. யாரோ ஒரு பெண் ஜன்னல் வழியாக ஒரு பிடி அட்சதையை நீட்டினாள். அவள் கையைக் கம்பிக்குள் நுழைத்து, முழங்கை இடிக்க, எட்டின மட்டும் வீசினாள். பாதி உள்ளே விழுந்தது.